நகட்ட வழியில்லாத நிலைகள்: செஸ் பழகத் தொடங்குகிறவர்களுக்கு

"இனி நகட்ட வழியில்ல" என்று பலகை முன்னால் ஒருவர் சொன்னால், அது நாலைந்து வெவ்வேறு நிலைகளில் எதுவாகவும் இருக்கலாம். ராஜாவுக்குச் செக் இருக்கிறது, தப்ப வழியில்லை என்றால் செக்மேட், ஆட்டம் தோற்றது. செக் இல்லை, ஆனால் விதிப்படி நகர்த்த ஒரு காய்கூட இல்லை என்றால் ஸ்டேல்மேட், ஆட்டம் டிரா. நகர்த்தக் காய் இருக்கிறது, எதை நகர்த்தினாலும் கெடுதல்தான் என்றால் ஸுக்ஸ்வாங். அங்கே ஆட்டம் முடியவில்லை, ஆனால் முடியப்போகிறது. ஒரே ஒரு காய் மட்டும் மாட்டிக்கிடந்தால் அது 'பின்' (pin, பின்னால் நிற்கும் சொந்தக் காயைக் காட்டிக்கொடுக்காமல் நகர முடியாத நிலை), அல்லது பொறி, அல்லது டாமினேஷன். காய் போகலாம், ஆட்டம் போகவேண்டும் என்றில்லை.

இவற்றை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதால்தான் புதியவர்கள் கையிலிருக்கும் முழுப் புள்ளியை அரையாக்குகிறார்கள், தோற்ற ஆட்டத்தில் கிடைக்கவிருந்த அரைப் புள்ளியையும் விடுகிறார்கள். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் பள்ளிக்கூடப் போட்டிகளுக்குப் போகத் தொடங்கியிருக்கும் பிள்ளைகளுக்கும், அவர்களுக்கு வீட்டில் சொல்லிக்கொடுக்கும் பெரியவர்களுக்கும் ஏற்றபடி இதை எழுதுகிறோம். காய்கள் எப்படி நகரும் என்று தெரிந்திருந்தால் போதும்.

பெயர்களை முதலில் தீர்த்துக்கொள்வோம். ராஜா, ராணி, யானை, பிஷப், குதிரை, சிப்பாய். மந்திரி என்ற பெயரைச் சிலர் ராணிக்கும் சிலர் பிஷப்புக்கும் சொல்வதால் இங்கே அதைத் தொடவில்லை. வெள்ளைப் பக்கமிருந்து பார்த்தால் இடமிருந்து வலமாக ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச். வரிசைகள் 1 முதல் 8 வரை. ஏ1 வெள்ளையின் இடது கை மூலை, அது கறுப்புக் கட்டம்.

பலகையை முன்னால் வைத்துக்கொண்டு படியுங்கள். கீழே வரும் ஒவ்வொரு நிலையையும் இரண்டு தடவை ஆடிப் பார்க்க வேண்டும்: ஒரு தடவை வெள்ளை முதலில், ஒரு தடவை கறுப்பு முதலில். காய்கள் நிற்கும் இடம் அப்படியே இருக்க, முறை மட்டும் மாறினால் முடிவு மாறிவிடும் நிலைகள்தான் இவற்றில் பாதி. "யாருக்க மூவு?" என்று கேட்காமல் இந்த நிலைகளைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

ஸ்டேல்மேட்

ஆடுபுலி ஆட்டம் ஆடி வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் மனதில் ஏறாது. அங்கே 15 ஆடுகள் சேர்ந்து 3 புலிகளையும் அசையவிடாமல் அடைத்துவிட்டால் ஆட்டுக்காரர் ஜெயித்தார். செஸ்ஸில் எதிராளியை அப்படி அடைத்தால் ஜெயிப்பு இல்லை, ஆளுக்கு அரைப் புள்ளி. விதி எப்போதும் எல்லா ஊரிலும் இப்படி இருந்ததில்லை. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் ஸ்டேல்மேட் ஆக்கியவரே தோற்றதாகக் கணக்கு. உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் இன்றைய விதி தெளிவானது: முறை உள்ளவரின் ராஜாவுக்குச் செக் இல்லை, விதிப்படி ஒரு நகர்வும் இல்லை என்றால் ஆட்டம் அந்த நொடியே டிராவில் முடிந்தது. அதற்குப் பிறகு கடிகாரத்தில் நேரம் தீர்ந்தாலும் கணக்கில்லை.

ராணி கையில் இருக்கும்போதுதான் இது அதிகம் நடக்கிறது. கறுப்பு ராஜா ஏ8 மூலையில், கறுப்புக்கு வேறு காய் இல்லை. வெள்ளை ராணியை பி6-இல் வையுங்கள். ஏ7, பி7, பி8 மூன்றும் ராணியின் பிடியில். ஏ8-க்கு மட்டும் செக் இல்லை. ஸ்டேல்மேட். ராணியை சி7-க்கு மாற்றுங்கள், அதுவும் அப்படியே. இரண்டு இடங்களும் மூலையிலிருந்து ஒரு குதிரைத் தாவல் தூரம். ராஜாவைத் துரத்திக்கொண்டு போக ராணியைக் குதிரைத் தாவல் தூரத்தில் நிறுத்துவது நல்ல உத்திதான். ராஜா மூலைக்குப் போன பிறகும் அதைத் தொடர்ந்தால் அரைப் புள்ளி போச்சு.

செய்ய வேண்டியது இது. எதிராளியின் ராஜா ஓர வரிசைக்குப் போனதும் துரத்துவதை நிறுத்துங்கள். அது 8-ஆம் வரிசையில் என்றால் உங்கள் ராணியை 7-ஆம் வரிசையில் தள்ளி, டி7 போன்ற இடத்தில் நிறுத்துங்கள். ராஜா ஏ8-க்கும் பி8-க்கும் இடையே போய் வந்துகொண்டிருக்கும். அதற்கு அந்த இரண்டு கட்டம் மிச்சம் இருக்க வேண்டும், அதுதான் உங்கள் காப்பீடு. இனி உங்கள் ராஜாவை நடத்திக்கொண்டு வாருங்கள். அது சி6-க்கோ பி6-க்கோ வந்து, எதிராளி ஏ8-இல் நிற்கும்போது ராணி பி7-இல் இறங்கினால் மேட்.

ராஜாவும் ஒரு சிப்பாயும் மட்டும் மிஞ்சிய ஆட்டத்தில் ஸ்டேல்மேட் இன்னும் நுணுக்கமாக வரும். வெள்ளை ராஜா டி6, சிப்பாய் இ6. கறுப்பு ராஜா டி8. வெள்ளையின் முறை. இ7 என்று தள்ளினால் செக். கறுப்பு இ8-க்குப் போகும். இப்போது சிப்பாயைக் காக்க வெள்ளை ராஜா இ6-க்கு வந்தால் ஸ்டேல்மேட், வராவிட்டால் சிப்பாய் போகும். ஆக டிரா. அதே நிலையில் கறுப்பு ராஜா டி8-க்குப் பதில் இ8-இல் நின்றிருந்தால்? இ7 செக் இல்லாமல் இறங்குகிறது, கறுப்புக்கு எஃப்7 தவிர வேறு இடமில்லை, வெள்ளை ராஜா டி7-க்குப் போகிறது, அடுத்தது ராணி. ராஜா 6-ஆம் வரிசையில் சிப்பாயின் பக்கத்தில் நிற்கும்போது, சிப்பாய் 7-ஆம் வரிசைக்குச் செக் இல்லாமல் போனால் வெற்றி, செக்கோடு போனால் டிரா என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். ஏ, எச் ஓரச் சிப்பாய்களுக்கு இது செல்லாது. அங்கே கறுப்பு ராஜா மூலையைப் பிடித்துவிட்டாலே டிராதான்.

பலகையில் காய் நிறைய இருந்தால் ஸ்டேல்மேட் வராது என்று நினைக்காதீர்கள். முன்னால் அடைபட்ட சிப்பாய்க்கு நகர்வு இல்லை. பின்னில் மாட்டிய குதிரைக்கும் நகர்வு இல்லை. நான்கு காய் இருந்தும் ஒன்றும் நகராத நிலை வரும். ஜெயிக்கும் பக்கம் இருப்பவர் ஒவ்வொரு நகர்வுக்கு முன்பும் எதிராளிக்கு என்ன நகர்வு மிச்சம் என்று ஒன்றையாவது விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். முடியவில்லை என்றால் அந்த நகர்வைப் போடாதீர்கள்.

போட்டியில் ஸ்டேல்மேட் வந்தால் கடிகாரத்தை நிறுத்தி நடுவரைக் கூப்பிடுங்கள். பதற்றத்தில் கைகுலுக்கிவிட்டு "ஜெயிச்சாச்சு" என்று எழுதிக்கொடுக்கிற எதிராளிகள் உண்டு, "தோத்தாச்சு" என்று நினைத்து எழுந்துபோகிற பிள்ளைகளும் உண்டு. முடிவு எழுதும் தாளில் இரண்டு பேருக்கும் அரை அரை என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

ஸுக்ஸ்வாங்

செஸ்ஸில் முறை வந்தால் ஆடியே தீர வேண்டும், "பாஸ்" கிடையாது. பெரும்பாலான நேரம் முறை கிடைப்பது நல்லது. முறை கிடைப்பதே கேடாக முடியும் நிலைதான் ஸுக்ஸ்வாங். கண்டுபிடிக்க ஒரே சோதனை: இந்த இடத்தில் பாஸ் சொல்ல விட்டால் நிலை தாங்குமா? தாங்கும், ஆனால் எதை நகர்த்தினாலும் தாங்காது என்றால் ஸுக்ஸ்வாங். பாஸ் சொன்னாலும் அடுத்த அடியில் காய் போகும் என்றால் அது வெறும் மிரட்டல், ஸுக்ஸ்வாங் அல்ல. இந்த வித்தியாசம் தெரியாமல் மோசமான நிலை எல்லாவற்றையும் ஸுக்ஸ்வாங் என்று சொல்வது பரவலான பழக்கம்.

யானையை வைத்து மேட் பண்ணத் தெரிந்தவர்கள் தெரியாமலேயே இதைப் பயன்படுத்துகிறார்கள். வெள்ளை ராஜா இ6, யானை ஏ7. கறுப்பு ராஜா எஃப்8. வெள்ளையின் முறை. இங்கே ராஜாவை நகர்த்த அவசரப்பட வேண்டாம். யானையை ஏ7-இலிருந்து பி7-க்கு, அதே வரிசையில் ஒரு கட்டம் நகர்த்துங்கள். ஒன்றும் மாறவில்லை, முறை மட்டும் கைமாறியது. கறுப்பு இ8-க்குப் போனால் யானை பி8, மேட். ஜி8-க்குப் போனால் வெள்ளை ராஜா எஃப்6. அங்கிருந்து எஃப்8-க்குத் திரும்பினால் யானை பி8 மேட். எச்8-க்குப் போனால் ராஜா ஜி6, கறுப்பு ஜி8-க்கு வந்தாக வேண்டும், யானை பி8 மேட். இப்படி நிலையை மாற்றாமல் முறையை மட்டும் தள்ளும் நகர்வுக்கு வெயிட்டிங் மூவ் என்று பெயர். யானையும் ராணியும் தூரத்திலிருந்து வேலை செய்வதால் இது அவற்றுக்கு எளிது.

ராஜாக்கள் நேருக்கு நேர்

இரண்டு ராஜாக்கள் ஒரே நேர்கோட்டில், நடுவில் ஒரு கட்டம் விட்டு நிற்பது ஆப்போசிஷன். முறை யாருடையதோ அவர் வழிவிட வேண்டும். வெள்ளை ராஜா இ4, சிப்பாய் இ3, கறுப்பு ராஜா இ6. வெள்ளையின் முறை என்றால் டிரா: டி4-க்குப் போனால் கறுப்பு டி6, எஃப்4-க்குப் போனால் எஃப்6. கறுப்பின் முறை என்றால் வெள்ளை ஜெயிக்கும்: கறுப்பு டி6 போனால் வெள்ளை எஃப்5, எஃப்6 போனால் டி5. இரண்டு பக்கத்துக்கும் முறை கேடாக இருக்கும் இந்த மாதிரி நிலை பரஸ்பர ஸுக்ஸ்வாங்.

இப்போது சிப்பாயை மட்டும் இ3-இலிருந்து இ2-க்குப் பின்னால் வையுங்கள். வெள்ளையின் முறைதான், ஆனால் இ3 என்று சிப்பாயைத் தள்ளினால் முறை கறுப்புக்குப் போய்விட்டது, வெள்ளை ஜெயித்தது. புதியவர்கள் சிப்பாயை முதலிலேயே ஓட்டிவிட்டு ராஜாவைப் பின்னால் இழுத்துவருவார்கள். தேவை அதற்கு நேர்மாறு: ராஜா முன்னால், சிப்பாய் பின்னால் ஒரு உபரி நகர்வோடு.

முதலில் தொட்டவர் மாட்டுகிற நிலை

பரஸ்பர ஸுக்ஸ்வாங்கில் மிகக் கூர்மையானது ட்ரெபுஷே. வெள்ளை: ராஜா டி5, சிப்பாய் இ4. கறுப்பு: ராஜா எஃப்4, சிப்பாய் இ5. வெள்ளை ராஜா தன் சிப்பாயைக் காத்து எதிராளி சிப்பாயைக் குறிவைக்கிறது, கறுப்பு ராஜாவும் அதையே செய்கிறது. யார் முறையோ அவருடைய ராஜா விலகியாக வேண்டும், விலகினால் சிப்பாயும் போச்சு, ஆட்டமும் போச்சு. டிரா என்ற நடுவழியே கிடையாது.

இங்கே வந்து சேரும் வழியில்தான் தப்பு நடக்கிறது. வெள்ளை ராஜா சி6, கறுப்பு ராஜா ஜி4, சிப்பாய்கள் அதே இ4, இ5. வெள்ளையின் முறை. கை தானாக டி5-க்குப் போகும், சிப்பாயைத் தொடும் ஆசை. கறுப்பு எஃப்4-க்கு வரும். இப்போது முறை வெள்ளைக்கு, மாட்டியாச்சு. சரியான நகர்வு டி6. அங்கிருந்தும் இ5-க்குக் குறி இருக்கிறது. கறுப்பு எஃப்4-க்கு வந்தால்தான் தன் சிப்பாயைக் காக்க முடியும், வந்ததும் வெள்ளை டி5. அதே படம், முறை மட்டும் கறுப்புக்கு. இப்படிப்பட்ட சிப்பாய்ப் பூட்டில் கடைசிக் கட்டத்தில் இரண்டாவதாகக் கால் வைக்க வேண்டும். ஒரு கட்டம் தள்ளி நின்று, எதிராளியை முதலில் இறங்கவிடுங்கள்.

உபரி நகர்வுக் கணக்கு

மேலே சொன்ன ட்ரெபுஷேயில் மறுபக்கம் ஒரு ஜோடிச் சிப்பாய் சேருங்கள்: வெள்ளை ஏ2, கறுப்பு ஏ6. வெள்ளையின் முறை. ராஜாவை நகர்த்த வேண்டியதில்லை, சிப்பாயை நகர்த்தலாம். ஒரு கட்டமா, இரண்டு கட்டமா? ஏ4 என்று இரண்டு தாவினால் கறுப்பு ஏ5, பூட்டிவிட்டது. முறை வெள்ளைக்கு, இ4 போகும். ஏ3 என்று ஒன்று வைத்தால் கறுப்பு ஏ5, வெள்ளை ஏ4, பூட்டிவிட்டது. முறை கறுப்புக்கு, இ5 போகும். அந்த ஒற்றைக் கட்டத்தில் ஆட்டத்தின் முடிவு இருக்கிறது.

சொந்த இடத்தில் நகராமல் நிற்கும் சிப்பாய்க்கு ஒன்று, இரண்டு என்று தேர்வு இருக்கிறது. முன்னால் ஓடிவிட்ட சிப்பாய்க்கு அது இல்லை. நடு ஆட்டத்தில் ஒன்றும் தோன்றாதபோது ஓரச் சிப்பாயைச் சும்மா தள்ளுவது பிள்ளைகள் மட்டுமல்ல, படிப்பகத்தில் பத்து வருடமாக ஆடுகிறவர்களும் விடாத பழக்கம். கடைசி ஆட்டத்தில் தேவைப்படும் கைக்காசை அங்கே செலவழிக்கிறார்கள். ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சியதும் முதல் வேலையாக இரண்டு பக்கத்துக்கும் எத்தனை உபரி நகர்வு என்று எண்ணுங்கள். எதிராளியைவிட ஒன்று கூடுதலாக இருந்தால் அவசரமே வேண்டாம்.

முக்கோணம் போட்டு முறையைத் தள்ளுவது

சிப்பாயில் உபரி இல்லை என்றால் ராஜாவைக் கொண்டே ஒரு முறையைத் தொலைக்கலாம். வெள்ளை: ராஜா டி5, சிப்பாய்கள் ஏ5, சி6. கறுப்பு: ராஜா சி8, சிப்பாய் ஏ6. கறுப்பின் முறை என்றால் வெள்ளை ஜெயிக்கும்: டி8 போனால் வெள்ளை டி6, கறுப்பு சி8, சிப்பாய் சி7, கறுப்பு பி7, வெள்ளை டி7, அடுத்து ராணி. சி7 போனால் வெள்ளை சி5. கறுப்பு பின்வாங்கியதும் ராஜா பி6-க்குள் நுழைந்து ஏ6 சிப்பாயை வெட்டும்.

ஆனால் முறை வெள்ளைக்கு. நேராக டி6 போனால் கறுப்பு டி8, சி7 செக், கறுப்பு சி8, ராஜா சி6, ஸ்டேல்மேட். ஏ6 சிப்பாய் ஏ5-ஆல் அடைபட்டுக் கிடப்பதைக் கவனியுங்கள். எனவே வெள்ளை சுற்றிவர வேண்டும்: ராஜா சி4, கறுப்பு டி8, ராஜா டி4, கறுப்பு சி8, ராஜா டி5. அதே இடம், அதே காய்கள், முறை கறுப்புக்கு. வெள்ளை டி5, சி4, டி4, டி5 என்று மூன்று நகர்வில் திரும்பியது. கறுப்பு சி8, டி8, சி8 என்று இரண்டில் திரும்பியது. கறுப்புக்கு முக்கோணம் போட இடமில்லை, அதனால்தான் இது பலிக்கிறது. நடுவில் கறுப்பு சி7-க்கு வந்தால் உடனே ராஜா சி5.

ராணியும் இதைச் செய்யும். வெள்ளை ராஜா சி6, ராணி ஏ5. கறுப்பு ராஜா பி8, யானை பி7. பிரெஞ்சு ஆட்டக்காரர் பிலிடோர் 1777-இல் ஆராய்ந்து காட்டிய நிலை இது. கறுப்பின் முறை என்றால் யானை ராஜாவை விட்டு விலகியாக வேண்டும், விலகிய யானையை ராணி செக் வைத்துப் பிடிக்கும். வெள்ளையின் முறை என்றால் ராணி இ5 செக், கறுப்பு ஏ7, ராணி ஏ1 செக், கறுப்பு பி8, ராணி ஏ5. முடிந்தது.

குதிரையால் இது முடியவே முடியாது. ஒவ்வொரு தாவலிலும் கட்டத்தின் நிறம் மாறுவதால் மூன்று தாவலில் பழைய இடத்துக்கு வர வழியில்லை. வெள்ளை ராஜா ஏ8-இல், தன் சிப்பாய் ஏ7-இல் அடைத்துக்கொண்டு நிற்கிறது. கறுப்பு ராஜா சி7-க்கும் சி8-க்கும் போய் வந்து கதவை அடைக்கிறது. வெள்ளைக்குத் தூரத்தில் ஒரு குதிரை இருக்கிறது. குதிரையை வைத்து எவ்வளவு சுற்றினாலும் கணக்கு மாறாது. வெள்ளையின் முறையில் குதிரையும் கறுப்பு ராஜாவும் ஒரே நிறக் கட்டத்தில் நின்றால் டிரா, வெவ்வேறு நிறம் என்றால் வெள்ளை ஜெயிக்கும். தாவத் தொடங்குவதற்கு முன்பே நிறத்தைப் பார்த்துவிட்டால் அரை மணி நேரம் மிச்சம்.

பலகை நிறையக் காய் இருக்கும்போது

நடு ஆட்டத்தில் ஸுக்ஸ்வாங் அபூர்வம். காய் நிறைய இருந்தால் எங்காவது ஒரு தீங்கில்லாத நகர்வு கிடைத்துவிடும். 1923-இல் கோபன்ஹேகனில் நிம்ஸோவிச் கறுப்பில் ஆடி சேமிஷை வென்ற ஆட்டம் இதற்குப் புகழ்பெற்றது. 25-ஆவது நகர்வாக எச்6 என்று ஒரு சின்னச் சிப்பாய் நகர்வு, சேமிஷ் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். ராணி உட்பட அவ்வளவு காய் பலகையில் இருந்தும் சில சிப்பாய் நகர்வுகளைத் தாண்டி அவரால் எதையும் தொட முடியாது. கறுப்புக்கு வேறு மிரட்டல்களும் இருந்ததால் இது சுத்தமான ஸுக்ஸ்வாங்தானா என்று வாதாடுகிறவர்கள் உண்டு. பாஸ் சோதனையை வைத்துப் பார்த்தால் அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. சந்தேகமே இல்லாத உதாரணம் வேண்டுமென்றால் 1971-இல் வான்கூவரில் ஃபிஷர், தைமானோவ் ஆடிய நான்காவது ஆட்டத்தின் கடைசிப் பகுதியை எடுத்துப் பாருங்கள். ஃபிஷரின் பிஷப் தூரத்திலிருந்து நகர்வைத் தள்ள, குதிரைக்கும் ராஜாவுக்கும் நிற்க இடமில்லாமல் போகும்.

கம்ப்யூட்டர் எஞ்சின்களுக்கும் இது பழைய தலைவலி. பாஸ் சொன்னாலும் நிலை நன்றாக இருந்தால் நகர்த்தினால் இன்னும் நன்றாகத்தான் இருக்கும் என்ற ஊகத்தில் அவை கணக்கைச் சுருக்குகின்றன. ஸுக்ஸ்வாங்கில் அந்த ஊகம் பொய். அதனால் ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் இருக்கும் நிலைகளில் அந்தக் குறுக்குவழியை அணைத்துவைப்பது வழக்கம்.

ஒரு காய் மட்டும் மாட்டினால்

பின்: காய்க்குப் பின்னால் சொந்த ராஜா நிற்பதால் அது நகரக் கூடாது. கறுப்பு ராஜா இ8, குதிரை சி6, டி7 காலி, வெள்ளை பிஷப் பி5. அந்தக் குதிரையை நகர்த்துவது விதிமீறல். வழக்கமான நீள ஆட்டத்தில் முதல் விதிமீறலுக்கு எதிராளிக்கு 2 நிமிடம் கூடும், இரண்டாவதில் ஆட்டம் தோற்கும். தெரியாமல் அந்தக் குதிரையைத் தொட்டுவிட்டால் பயப்பட வேண்டாம். தொட்ட காய்க்கு விதிப்படி நகர்வே இல்லை என்றால் வேறு எதை வேண்டுமானாலும் ஆடலாம். இன்னொன்று: பின்னில் இருக்கும் காயும் தான் பார்க்கும் கட்டங்களைக் காவல் காக்கிறது. எதிராளி ராஜா அங்கே வர முடியாது. பின்னால் நிற்பது ராஜா அல்ல, ராணியோ யானையோ என்றால் விதி தடுக்காது, நஷ்டம்தான் தடுக்கும்.

பொறி: காய் உள்ளே போய்விட்டது, திரும்பும் வழி அடைபட்டது. 1972-இல் ரெய்க்யவிக்கில் ஸ்பாஸ்கியோடு நடந்த உலகப் பட்டப் போட்டியின் முதல் ஆட்டத்தில் ஃபிஷரே பிஷப்பைக் கொண்டு எச்2 சிப்பாயை வெட்டி, ஜி3 என்ற பதிலில் அந்த பிஷப்பை அடைத்துக்கொண்டார். தொடக்க ஆட்டத்தில் வருவது நோவாவின் பேழைப் பொறி. வெள்ளை இ4, கறுப்பு இ5, குதிரை எஃப்3, குதிரை சி6, பிஷப் பி5, ஏ6, பிஷப் ஏ4, டி6, டி4, பி5, பிஷப் பி3. இப்போது கறுப்புக் குதிரை டி4-ஐ வெட்டுகிறது, வெள்ளைக் குதிரை அதை வெட்டுகிறது, இ5 சிப்பாய் திரும்ப வெட்டுகிறது. வெள்ளை ராணி டி4-ஐ வெட்டினால் தப்பு. சி5 ராணியை விரட்டும். ராணி டி5-க்கு வந்து எஃப்7-இல் மேட்டும் ஏ8 யானையும் என்று மிரட்டும். கறுப்பு பிஷப் இ6 இரண்டையும் தடுக்கும். ராணி சி6 செக், பிஷப் டி7, ராணி டி5, அடுத்து சி4. பி3 பிஷப்பைச் சுற்றி ஏ6, பி5, சி4 என்று சிப்பாய் வேலி. பிஷப் போச்சு.

டாமினேஷன்: காய்க்கு இப்போது ஆபத்தில்லை, ஆனால் அது போகக்கூடிய எல்லாக் கட்டமும் எதிராளி பிடியில். எளிய அளவு ஒன்று: ஓரத்தில் நிற்கும் குதிரைக்கு எதிரே, அதே நேர்கோட்டில் மூன்று கட்டம் தள்ளி பிஷப்பை வையுங்கள். குதிரை ஏ5, பிஷப் டி5. குதிரை போகக்கூடியவை பி7, சி6, சி4, பி3, நான்கும் டி5 பிஷப்பின் கோட்டில். இனி ராஜா நடந்துபோய்க் குதிரையைத் தூக்கலாம்.

நெருக்கப்படுவது நீங்கள் என்றால்

உபரி சிப்பாய் நகர்வு இருக்கிறதா என்று பார்த்து, அதைக் கடைசி வரை வைத்திருங்கள். அது இல்லை என்றால் ஸ்டேல்மேட்டுக்கு முயலுங்கள். ராஜா மூலையில், சிப்பாய்கள் அடைபட்டு, நகரக்கூடியது ஒரு யானை மட்டும் என்றால் அந்த யானையைக் காவு கொடுப்பதே வழி. எதிராளி ராஜாவுக்குப் பக்கத்திலேயே செக் வைத்துக்கொண்டிருங்கள். வெட்டினால் ஸ்டேல்மேட், வெட்டாவிட்டால் செக் தொடரும். எதிராளியின் முகத்தைப் பார்க்காதீர்கள், எந்தக் கட்டத்தில் வெட்டினால் உங்கள் ராஜாவுக்கு நகர்வு திரும்பக் கிடைத்துவிடும் என்று மட்டும் பாருங்கள். அந்தக் கட்டத்தில் கொடுத்தால் யானையும் வீண்.

வீட்டில் பழகும்போது இருவர் உட்கார்ந்து, ஒரு நிலையை வைத்து, முறையை மாற்றி மாற்றி ஆடுவதே போதும். துணைக்கு ஆள் இல்லை என்றால் லிச்செஸ் தளத்தின் பலகைத் தொகுப்பியில் காய்களை அடுக்கி, வெள்ளை முறை, கறுப்பு முறை என்று மாற்றிப் பார்க்கலாம். 7 காய் வரை உள்ள நிலைகளுக்கு அங்கே முழு விடையும் கிடைக்கும். ஆனால் கையால் ஆடித் தோற்ற பிறகு விடையைப் பாருங்கள்.

ட்ரெபுஷே கைக்கு வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு கணக்கு. ராஜாக்களும் இ சிப்பாய்களும் அதே இடத்தில், வெள்ளைச் சிப்பாய் ஏ2, கறுப்புச் சிப்பாயை மட்டும் ஏ6-க்குப் பதில் ஏ7-இல் வையுங்கள். வெள்ளையின் முறை. இந்தத் தடவை ஏ3 உதவாது: கறுப்பு ஏ6 என்று ஒன்று வைக்கும், வெள்ளை ஏ4, கறுப்பு ஏ5, பூட்டு. ஏ4-உம் உதவாது: கறுப்பு உடனே ஏ5. இரண்டு வழியிலும் ராஜா விலக வேண்டியது வெள்ளைதான்.